கேட்பதை நிறுத்தாதவர்கள்

வானொலியில் நாலு விநாடி மௌனம் விழுந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். சூசன்னா லியூ எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக மௌனத்தோடு வாழ்கிறார்.

2017 பிப்ரவரி 13. அவருடைய கணவர் பாதிரியார் ரேமண்ட் கோ, பட்டப்பகலில் பெட்டாலிங் ஜெயா சாலையில் காரோடு வழிமறித்துக் கடத்தப்பட்டார். இது காவல்துறையின் சிறப்புப் பிரிவு செய்தது என்று 2019இல் சுஹாகாம் சொன்னது. அரசாங்கமும் காவல்துறையும் பொறுப்பு என்று 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் காணாமல் போன ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரிங்கிட் இழப்பீடு. ஆனால், அவர் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மேருவில் எங்கள் வீட்டு இரவு ஜெபத்தில் அம்மா இன்னும் அவர் பெயரைச் சொல்கிறார். "இன்னுமா அம்மா?" என்றேன்.

"கேக்குறத நிறுத்திட்டா, அவரு இல்லன்னு நாமே முடிவு பண்ணுன மாதிரி ஆயிடாதா?"

விசுவாசம் இருந்தால் வலிக்காது என்று நினைத்திருந்தேன். சூசன்னாவோ ஜெபித்தார், வழக்கும் போட்டார். சிலுவையில் தொங்கிய இயேசுவே பிதாவிடம் 'ஏன்' என்றுதானே கேட்டார்?

நேற்றிரவு நானும் அம்மா பக்கத்தில் முழங்காலிட்டேன். அந்தப் பெயரை இருவரும் சொன்னோம்.