பழகிக்கொள்ள ஒரு தேள்

வளர்ப்புப் பிராணிக்காரர்களிடம் ஒரு சொல் புழங்குகிறது: பிகினர். பிகினர் பாம்பு, பிகினர் பல்லி, பிகினர் தேள். எதையும் வளர்த்துப் பழகாதவன் முதலில் வாங்க வேண்டிய உயிர் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் நெடுநாளாக இடம்பிடித்திருப்பது அமெரிக்காவின் பாலைவன மயிர்த்தேள்.

“ரொம்ப ஈசி லா. வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம், குளிப்பாட்ட வேணாம். வாரத்துக்கு ரெண்டு பூச்சி போட்டா போதும். கத்தாது, நாறாது. மேசையில வச்சா பார்க்கவே கெத்தா இருக்கும்.” இந்தப் பேச்சை இப்போது நம் இளைஞர்கள் வாயிலும் கேட்கிறேன். இலக்கியம் வாசிக்கிற, சொற்களை எடைபோடத் தெரிந்த இளைஞர்கள்தான். அதனால் இந்த ‘ஈசி’ என்ற சொல்லையும் ‘பிகினர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் எடைபோட்டுப் பார்ப்போம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பிகினர் என்ற சொல் தேளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நம் தவறு எந்த உயிரிடம் வெளியே தெரியாது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

முதலில் அது யார் என்று பார்க்கலாம். ஹாட்ரூரஸ் அரிசோனென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சொனோரன், மொஹாவி பாலைவனங்கள் அதன் ஊர். வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய தேள், 14 செ.மீ. வரை வளரும். காலிலும் வாலிலும் பழுப்பு மயிர் இருக்கும். பல்லியைக்கூடப் பிடித்துத் தின்னும். கோடைப் பகலில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் அந்த மண்ணில் அது பிழைத்திருப்பதற்குக் காரணம் அதன் முரட்டுத்தனம் என்று நினைக்கிறோம். உண்மையான காரணம் அதன் வளை. இரண்டு மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டக்கூடிய பிராணி அது. ஆளுயரத்துக்கும் கீழே, மேல்மண்ணைவிடக் குளிர்ந்த, ஈரம் கூடிய இடத்தில் பகலைக் கழித்துவிட்டு இரவில் மேலே வரும்.

இப்போது பிகினரின் கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். ஒரு சாண் மணல். அதன்மேல் அழகுக்கு ஒரு மண்டையோட்டு பொம்மை. மேலே காய்ந்தும் ஆழத்தில் ஈரமாகவும் இருக்கிற ஒரு நிலத்தை ஒரு சாண் மணலில் உண்டாக்க முடியாது. தண்ணீர் தெளித்தால் எல்லாம் நனையும், விட்டால் எல்லாம் காயும். தேள் மூலைக்கு மூலை கண்ணாடியைப் பிறாண்டுகிறது. “பாரு, எவ்ளோ ஆக்டிவ்வா இருக்கு” என்று வீடியோ எடுக்கிறோம்.

தேளுக்குக் கண்பார்வை மங்கல். அது உலகத்தை அறிவது பெரும்பாலும் கால்களால். மொஹாவி மணலில் வாழும் இன்னொரு தேளை ஆராய்ந்த ஃபிலிப் பிரவ்னெல் 1977இல் ஒன்றைக் காட்டினார். அரை மீட்டர் தள்ளி மணலுக்குள் ஒரு கரப்பான் அசைந்தால் போதும். அந்த அதிர்வு மணல் வழியாக வந்து தேளின் எட்டுக் கால்களையும் தொடுகிறது. இரை எந்தத் திசையில் இருக்கிறது என்று அது திரும்பிவிடுகிறது. இவ்வளவு நுட்பமாக மண்ணின் அசைவைப் படிக்கிற ஒரு உயிரினத்தைச் சேர்ந்த பிராணியைத்தான், ஸ்பீக்கரும் கணினியும் ஓடுகிற மேசையில், ஒரு மெல்லிய கண்ணாடித் தரைமேல் வைக்கிறோம். அங்கே அதற்கு என்ன கேட்கும் என்று யாராவது யோசித்தோமா? கத்தாது என்பதுதானே அதன் பெருமை!

அடுத்தது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. தாய்த்தேள் குஞ்சுகளை உயிரோடு ஈன்று, அவை முதல் தோலுரிக்கும்வரை முதுகில் சுமக்கும். இதுவரை பெட்டிக்குள்ளும் நடக்கும். பிறகுதான் சிக்கல். இந்த வகைத் தேளின் குஞ்சுகள் அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது பெட்டிக்குள் செத்துப்போவது வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. ஆகவே விற்பனைக்கு வருகிறவை பெரும்பாலும் பாலைவனத்திலிருந்து பிடித்து வந்த, வளர்ந்த தேள்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே குஞ்சிலிருந்து வளர்த்தெடுக்கத் திணறும் ஒன்றுக்குத்தான் பிகினர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பொய்யை ஒரே சொல்லில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். பாலைவன மயிர்த்தேள் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை போகின்றன என்று எண்ணுகிற கடமை அந்த ஒப்பந்தப்படி யாருக்கும் கிடையாது. 15, 20 ஆண்டுகள் வாழக்கூடிய, மெதுவாக வளர்கிற பிராணி. விற்கிறவர்களுக்கோ அது இன்னும் ஒரு பெட்டிச் சரக்கு.

“ஆனா என்கிட்ட நல்லாத்தானே இருக்கு?” என்பார்கள். எப்படித் தெரியும்? தேளின் உடல் மிகக் கொஞ்சமாக எரிபொருள் செலவழிப்பது. மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும். பட்டினி கிடக்கும் தேளும் வயிறு நிறைந்த தேளும் ஒரே மாதிரி அசையாமல் கிடக்கும். புற ஊதா விளக்கு அடித்தால் பச்சை நீலமாக ஒளிர்கிறதே என்பார்கள். செத்த தேளும் ஒளிரும். அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக் கிடக்கும் தேள்கூட ஒளிரும். வாடினால் செடி சொல்லும், பசித்தால் பூனை சொல்லும். தேள் எதையும் சொல்லாது. அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

தேளுக்கு வலிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நண்டுக்கு வலிக்குமா என்றும் ஒரு காலத்தில் இதே தொனியில்தான் கேட்டார்கள். 2022இல் பிரிட்டன் இயற்றிய விலங்கு நலச் சட்டம் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது. தேளும் சிலந்தியும் அந்தச் சட்டத்தில் இல்லை. இல்லை என்பதாலேயே வலியும் இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. “நம்மாளுங்க தேளைப் பார்த்தா செருப்பால அடிப்பாங்க. அதுக்கு வளர்க்கிறது மேல்தானே?” நியாயமான கேள்விதான். தேளுக்கு மணியம் கொடுத்தால் ஜாமத்துக்கு ஜாமம் கொட்டும் என்கிற மொழி நம்முடையது. நம் பழமொழியில் தேள் என்றால் கொடுக்கு மட்டும்தான். ஆனால் மேசையில் தேள் வைத்திருப்பவனும் அந்தக் கொடுக்கைத்தானே காட்டுகிறான்? தோட்டத்தில் விடிகாலை பூட்ஸை உதறிப் போட்ட தலைமுறைக்கு அது பயம். அவர்கள் பேரப்பிள்ளைக்கு அது கெத்து. இரண்டு பேரும் தேளைப் பார்க்கவில்லை. அடிப்பது, அடைப்பது, இந்த இரண்டு மட்டும்தான் நமக்குத் தெரிந்த வழியா?

சிங்கப்பூரில் தேள் வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. அங்குள்ள நண்பர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லி அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நாமே எட்ட வேண்டிய முடிவுதான் அது.

உண்மையிலேயே தேள்மேல் ஆசை இருந்தால் ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள். அதிக விலை இல்லை. பூட்ஸ் மாட்டிக்கொண்டு, வழி தெரிந்த ஒருவரோடு இரவில் காட்டோரத்துக்கோ செம்பனைத் தோட்டத்துக்கோ போங்கள். நம் மண்ணிலேயே கறுத்துப் பெருத்த தேள்கள் இருக்கின்றன. இற்றுப்போன மரத்துக்கு அடியில், வளை வாயில், இடுக்கிகளை முன்னே வைத்துக் காத்துக்கொண்டிருக்கும். அந்த விளக்கு அதற்குப் பிடிக்காது. ரொம்ப நேரம் அடிக்காதீர்கள். கிட்டே போனால் உங்கள் காலடி அதற்குத் தெரிந்துவிடும், உள்ளே போய்விடும். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த முறை இன்னும் மெதுவாக நடந்து போக வேண்டும்.