டோக்கியோவுக்கு ஐந்து நாள்: பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாத மூன்று!

'ஜப்பானா? அதெல்லாம் பணக்காரங்க போற ஊரு' என்று ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. கேளம்பாக்கம், படூர், தாழம்பூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாயங்கால அரட்டையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ ப்ராஜெக்ட்டுக்காக டோக்கியோ போய்விட்டு வந்திருப்பார்கள். "அத்தை, அஞ்சே நாள். சிக்கனமா எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று ஆசை காட்டுவார்கள்.

ஆசை தப்பில்லை. யென் மதிப்பு இறங்கியிருக்கிறது. 2024-ல் ஒரு டாலருக்கு 160 யென்னையும் தாண்டியது. நம் கணக்கில் நூறு யென் என்றால் ஏறக்குறைய ஐம்பது, அறுபது ரூபாய்தான். இந்தியாவில் இருக்கும் இந்தியர்களுக்கு டூரிஸ்ட் விசாவும் 2024 ஏப்ரலிலிருந்து இ-விசாவாகிவிட்டது. பிறகென்ன, கிளம்ப வேண்டியதுதான்!

ஆனால், நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாம் போடுகிற திட்டம் இருக்கிறதே, அங்கேதான் வில்லங்கம். 'இவ்வளவு தூரம் போறோம், ஒண்ணையும் விடக் கூடாது' என்று இருபத்தைந்து இடங்களை எழுதிவிடுகிறோம். செலவு எகிறுகிறது. உடனே எதைக் குறைக்கிறோம்? ராத்திரித் தூக்கத்தை, மூன்று வேளைச் சாப்பாட்டை, இன்ஷூரன்ஸை! என்னைக் கேட்டால், இது தலைகீழ்ப் பாடம். குறைக்க வேண்டியது இடங்களின் லிஸ்ட். தூக்கம், சாப்பாடு, மருந்து இந்த மூன்றிலும் கை வைக்கவே கூடாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவரோ, சர்க்கரை, பிரஷர் உள்ளவரோ கூட வந்தால் இது இன்னும் பெரிய விஷயம். மூன்றாம் நாள் அம்மாவின் முழங்கால் வீங்கி ஓட்டல் அறையில் படுத்துவிட்டால், நீங்கள் மிச்சம் பிடித்த யென் எதற்கு உதவும்?

எதைக் குறைக்கலாம்?

முதலில் கியோட்டோவை விடுங்கள். ஐந்து நாள் பயணத்தில் 'அப்படியே புல்லட் ரயிலில் கியோட்டோ' என்று சேர்ப்பவர்கள் நிறைய. ஒரு வழிக்கே ஒருவருக்குப் பதினாலாயிரம் யென் அளவுக்கு ஆகும். நாலு பேர் போய் வந்தால் லட்சம் யென்னைத் தாண்டும். கூடவே ஒரு முழு நாளும் போச்சு. 'ஜே.ஆர். பாஸ் எடுத்தால் லாபமாமே' என்பதும் பழைய கதை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவுக்குள் மட்டும் சுற்றுபவருக்கு அது தேவையே இல்லை. 24, 48, 72 மணி நேரம் என்று டூரிஸ்ட்டுகளுக்கே சுரங்க ரயில் டிக்கெட் இருக்கிறது. அது போதும்.

நரிட்டா விமான நிலையம் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர். ஸ்கைலைனர் என்ற வேக ரயிலில் போகலாம். கொஞ்ச நேரம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால், அதே கம்பெனியின் அக்சஸ் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய பாதிக் கட்டணம்தான். இங்கே தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்.

பார்க்கிற இடங்களிலும் அப்படியே. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்க வேண்டாம். ஷின்ஜுகுவில் டோக்கியோ அரசு அலுவலகக் கட்டடத்தின் 45-வது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், இலவசமாகவே பார்க்கலாம். லிஃப்ட்டில் போய் லிஃப்ட்டில் வரலாம் என்பதால் பெரியவர்களுக்கும் சிரமமில்லை. அசகுசாவின் சென்சோஜி கோவில், மெய்ஜி ஆலயம், உவேனோ பூங்கா எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டே இடம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் ஓய்வு.

"இவ்வளவு பணம் போட்டுப் போறது ரூம்ல தூங்கறதுக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டோக்கியோவில் நடக்காமல் ஒன்றும் ஆகாது. ரயில் மாறுவதற்கே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஸ்டேஷன்கள் உண்டு. ஷின்ஜுகு ஸ்டேஷனில் வெளியேறும் வழிகள் மட்டும் இருநூறுக்கு மேல்! தப்பான வழியில் ஏறிவிட்டால் மறுபடி ஒரு சுற்று. இருபதாயிரம் அடிகள் சர்வ சாதாரணம். கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட வண்டியை எடுக்கிற கால்கள் நம்முடையவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதலாவது: தூக்கம்

2019 அக்டோபரில் சென்னையிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் ஆரம்பித்தார்கள். 2020-ல் கொரோனா வந்து நின்றுபோனது. குறைந்த கட்டணம் தேடினால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டியிருக்கும். பெரும்பாலும் நடுராத்திரி விமானம். ஆக, முதல் ராத்திரித் தூக்கம் போயே போச்சு. அங்கே கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஒரு மணி.

அதனால் போய் இறங்குகிற நாளில் ஒரு ப்ரோகிராமும் வேண்டாம். அங்கே ஓட்டல்களில் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து, சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷம் நடக்கிற தூரத்தில் அறை எடுக்காதீர்கள். தினமும் களைத்து வரும்போது அந்த இருபது நிமிஷம்தான் ஆளை அடிக்கும். அங்கே வாடகையை ஆள் கணக்கில் போடுகிற வழக்கம் உண்டு. எத்தனை பேர் என்று சரியாகச் சொல்லியே விலையைப் பாருங்கள்.

இரண்டாவது: சாப்பாடு

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ், டோஃபு சூப் என்று கண்ணுக்குத் தெரிவதிலும் 'தாஷி' என்ற மீன் சாறு கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போன் கேமராவில் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லும். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதற்காக பிஸ்கட்டிலேயே ஐந்து நாளை ஓட்டுவது உடம்புக்கு நல்லதல்ல. சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்தும்கூட. தெருவுக்குத் தெரு இருக்கும் இருபத்துநாலு மணி நேரக் கடைகளில் வெந்த சாதம் பாக்கெட்டில் கிடைக்கிறது. வாங்கினால் அங்கேயே சூடாக்கித் தருவார்கள். இனிப்பில்லாத தயிரும் கிடைக்கிறது. இரண்டையும் பிசைந்தால்? தயிர் சாதம் ரெடி! அவித்த முட்டை, வாழைப்பழம், பாலும் உண்டு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம் என்பதால் பாட்டில் தண்ணீர்ச் செலவு மிச்சம். ஒரு நாளாவது நம்மூர்ச் சாப்பாடு வேண்டும் என்று நாக்கு கேட்டால், டோசாய் லைனில் நிஷி-கசாய் போங்கள். ஓத்தேமாச்சியிலிருந்து கால் மணி நேரம். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி அது.

இங்கிருந்து மூட்டை கட்டுகிறவர்கள் கவனிக்க: மாங்காய், கறிவேப்பிலை, அரிசி, கறி ஊறுகாய் எல்லாம் விமான நிலையச் சோதனையில் மாட்டும். சின்ன ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் சூடே ஏறாது. ஆஸ்துமாக்காரர்களின் நெபுலைசருக்கும் இதே கதிதான். அதன் அடியில் '100-240' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன் சார்ஜர்களுக்குப் பிரச்னை இல்லை.

மூன்றாவது: மருந்து

இதுதான் முக்கியம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளை ஒரு மாதத்துக்கு உள்ளான அளவு எடுத்துப் போகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே ஜப்பான் அரசிடம் இறக்குமதி அனுமதிச் சான்று வாங்க வேண்டும். ஐந்து நாள் பயணத்துக்குப் பத்து நாள் மருந்து போதும். அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்தின் மூலப் பெயர் எழுதிய சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மாத்திரையும் போய்விடும், பாருங்கள்!

'எதுக்கும் இருக்கட்டும்' என்று வீட்டு அலமாரியிலிருந்து ஜலதோஷ மாத்திரையையும் இருமல் சிரப்பையும் அள்ளிப் போடும் பழக்கம் நமக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டு போகக் கூடாது. கோடீன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது போதை மருந்துக் கணக்கில் சேரும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. லேபிளை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நேர மாற்றத்துக்கு ஏற்ப ஊசியை எப்படி மாற்றுவது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அங்கே 119-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரி இலவசமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் முழுச் செலவையும் கட்ட வேண்டும். கட்டாமல் வந்தவர்களின் விவரத்தை 2021 முதல் அவர்களின் குடியேற்றத் துறை கவனிக்கிறது. அடுத்த முறை அனுமதி மறுக்கப்படலாம். பயண இன்ஷூரன்ஸுக்கு ஆகும் பணம் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். அதில் சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துவிட்டால், பணம் கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள்.

எப்போது போகலாம்?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் செர்ரிப் பூ சீசன். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை. இரண்டிலும் ஓட்டல் விலை வானத்தைத் தொடும். மே இரண்டாம் வாரத்திலிருந்து கூட்டம் குறையும், பதினைந்திலிருந்து இருபத்துநாலு டிகிரி இதமான வெயில். ஜூனில் மழை தொடங்கிவிடும். நம் பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. இதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா? 'வெயில் நமக்குப் பழக்கம்தானே' என்று ஜூலை, ஆகஸ்ட்டில் போகாதீர்கள். டோக்கியோ புழுக்கம் கோவளம் கடற்காற்றில் வளர்ந்தவரையும் வாட்டிவிடும்.

டிக்கெட் எடுத்த அன்றே இன்னொரு வேலையையும் தொடங்குங்கள். கூட வருகிற அத்தனை பேரும் தினமும் நடக்க வேண்டும். வண்டலூர் ரோட்டில் லாரிகளுக்குப் பயந்து நடக்க வேண்டாம், குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடற்கரைக்குப் போய்விடுங்கள். முதல் வாரம் அரை மணி நேரம், ஆறாவது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். டோக்கியோவுக்குப் போட்டுப் போகப் போகிற ஷூவைப் போட்டே நடங்கள். புது ஷூவோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு அங்கே கொப்புளம் காத்திருக்கும். மூட்டு வலிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

இந்த ஆறு வாரத்தில் வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க முடியுமோ, அதுதான் உங்கள் டோக்கியோ ப்ரோகிராம். மருமகள் தயாரித்த லிஸ்டை இப்போது எடுங்கள். சிவப்புப் பேனாவால் பாதிக்கு மேல் அடியுங்கள். மிச்சமிருக்கும் இடங்களை அத்தை, மாமா, பேரக்குழந்தை எல்லாரும் ஒன்றாக நின்று பார்ப்பார்கள்.

என்ன, பேனாவை எடுத்துவிட்டீர்களா?