'படிப்பு ஏறாத' பிள்ளைக்காக ஒரு விண்ணப்பம்

காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டை வீடு வந்து சேரும் நாள்களில், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நமது பங்குகளின் பல வீடுகளில் ஒரே விதமான சொற்கள்தான் ஒலிக்கின்றன. "இவனுக்குப் படிப்பு ஏறல." "எவ்வளவு சொன்னாலும் மண்டையில நிக்கல." காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்கு நிற்கும் தாயும், மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவுப்பணி பார்க்கும் தந்தையும் வேறென்ன முடிவுக்கு வரமுடியும்? பள்ளியில் சொல்வதும் அதுதானே! ஆனால் அந்தப் பிள்ளையின் உண்மையான தடை என்ன என்று யாரும் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை. சோதித்துப் பார்க்கும்படி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. அந்த உரிமையைப் பற்றி இங்கே சற்றுச் சிந்திப்போம்.

சட்டம் தரும் உரிமை

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்தது. எழுத்துகளைக் கோத்து வாசிக்கத் திணறும் 'டிஸ்லெக்சியா' போன்ற கற்றல் குறைபாடுகளுக்கு அதில் இடமில்லை. 2007இல் 'தாரே ஜமீன் பர்' என்ற இந்தித் திரைப்படம் வந்த பிறகே நம்மில் பலர் அப்படியொரு நிலை உண்டென்று அறிந்துகொண்டோம். அதன் பின்னும் சட்டம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இந்தப் பட்டியலை 21 வகைகளாக விரித்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இடம்பெற்றன.

இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு பெற்றோர் அனைவரும் அறியவேண்டிய ஒன்று. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள், குழந்தைகளின் கற்றல் குறைபாட்டை மிக விரைவில் கண்டறிந்து, அதைக் கடந்துவரத் தக்க கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று அது கூறுகிறது. அடுத்துவரும் 17ஆம் பிரிவோ, பள்ளிக் குழந்தைகளை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, அவர்களுடைய சிறப்புத் தேவைகளை அறியும் பொறுப்பை அரசின்மேல் சுமத்துகிறது. ஆகவே, "என் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள்" என்று கேட்பது பள்ளியிடம் சலுகை கேட்பதாகாது. சட்டம் பள்ளிக்கு இட்ட கடமையை நினைவூட்டுவதே ஆகும்.

ஒன்பதாம் வகுப்பில் விழும் சுவர்

அப்படியானால் இக்குழந்தைகள் ஏன் கண்ணில் படுவதில்லை? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி உண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இம்முறையைக் கைவிட்டபோதும், தமிழக அரசு இதைத் தொடர்வதாக அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கும் நல்ல முறை இது. இதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் தேர்ச்சி தருகிறோம் என்பதற்காகக் கவனிக்கும் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஐந்தாம் வகுப்பில் தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதத் தெரியாத பிள்ளை எட்டாம் வகுப்பு வரை சத்தமின்றி நகர்ந்து, ஒன்பதில் சுவரில் மோதி நிற்கிறது. அந்த வயதில் துறைமுகமும், பட்டறையும், லாரி ஷெட்டும் அவனை எளிதில் இழுத்துக்கொள்கின்றன. பெண்பிள்ளையானால் வீட்டுவேலையும் திருமணப் பேச்சும் காத்திருக்கின்றன. எட்டு வயதில் கண்டறிந்திருந்தால் பயிற்சியால் மாற்றியிருக்கக் கூடிய வாழ்வு, பதினான்கில் 'படிப்பை நிறுத்திய பிள்ளை' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

எப்படிக் கேட்பது?

முதலாவதாக, வாய்ச்சொல் போதாது, எழுதிக் கொடுக்கவேண்டும். தலைமையாசிரியர் பெயருக்கு ஒரே ஒரு பக்கம் போதும். "என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். வாய்மொழியாகக் கேட்டால் பதில் சொல்கிறாள். வாசிக்கவும் எழுதவும் மிகவும் திணறுகிறாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி அவளுக்குத் தக்க மதிப்பீடு செய்ய ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, தேதியிட்டு, ஒரு நகலில் பள்ளியின் முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். மருத்துவருக்கும் சிறப்பாசிரியருக்கும் அவை நல்ல சான்று.

இரண்டாவதாக, கண்ணையும் காதையும் சோதித்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையும், ஒரு காது கேளாத பிள்ளையும் 'கவனமில்லாதவன்' என்று பெயர் வாங்குவதுண்டு. இராயபுரம் பகுதி மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

மூன்றாவதாக, வட்டார வள மையத்தை அணுகவேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்குள்ள சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் நடத்தப்படுகின்றன. முகாம் எப்போது, எங்கே என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மதிப்பீடு வேறு, சான்றிதழ் வேறு. பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, எப்படிக் கற்பித்தால் புரியும் என்று அறிவது மதிப்பீடு. குறைபாட்டின் அளவைச் சொல்வது சான்றிதழ். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் பல அரசு உதவிகள் கிடைக்கும். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே வழங்கப்படுகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு அது தேவை. ஆனால் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைக்கவும், வாய்மொழியாகக் கேள்வி கேட்கவும், பாடத்தைச் சிறு துண்டுகளாக்கித் தரவும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. "சான்றிதழ் கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று எந்தப் பள்ளியும் பிள்ளையைக் காக்க வைக்கலாகாது.

மற்றொன்றையும் மறந்துவிடக் கூடாது. வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எல்லாரும் குறைபாடு உடையவர்கள் அல்லர். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாத நிலையில் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும், வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைக்கும் மொழியே தடையாக இருக்கலாம். எனவே, எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்று கேட்பது பெற்றோரின் கடமை.

தூரமும் ஒருநாள் கூலியும்

கேட்பதற்கு உரிமை உண்டு. ஆனால் கேட்டவுடன் கிடைக்கிறதா? பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது, வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். எண்ணூரிலிருந்து முட்டுக்காடு செல்வதென்றால் மாநகரின் வட எல்லையிலிருந்து தென்கோடியையும் தாண்டிச் செல்லவேண்டும். 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ இரயில் எண்ணூரை எட்டவில்லை. ஒருமுறை போய்வர ஒருநாள் கூலி போகும். மூன்றுமுறை வரச்சொன்னால் மூன்றுநாள் கூலி. தனியாரிடம் சோதிப்பதற்கோ பணம் வேண்டும். இந்தச் சுமையால் பாதியிலேயே கைவிடும் பெற்றோரை அக்கறையற்றவர்கள் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆசிரியர் பற்றாக்குறை மற்றொரு தடை. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கும், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வகுத்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் அது மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இதற்கிடையில், 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காகத் தமிழகத்துக்கான 2024-25ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கல்வி நிதி நிறுத்தப்பட்டதாக, மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. சிறப்பாசிரியர்களின் ஊதியமும் இந்தத் திட்டத்தைச் சார்ந்ததே. இரு அரசுகளின் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாதிப்பு முதலில் வந்து விழுவது சிறப்பாசிரியருக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் தலையில்தான்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் தாமே மதிப்பீடு கேட்கலாம். உள்ளாட்சி அமைப்பு 6 வாரங்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நம் சட்டம் 'மிக விரைவில்' என்று சொல்கிறது. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் விண்ணப்பங்கள் தூங்குகின்றன. பள்ளி பதிலளிக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். அப்போது கைகொடுப்பது முத்திரையிட்ட அந்த நகல்தான்.

நமது பள்ளிகளும் பங்குகளும்

வடசென்னையின் எத்தனையோ தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவை நமது கத்தோலிக்கப் பள்ளிகள். ஆகவே கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பின்மேல் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. அதன் முடிவு எதுவானாலும், மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளைக் குறித்துத் தனியே பேசுகிறது. அதிலிருந்து ஒதுங்க நாம் வழிதேடலாமா? பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் தந்து அனுப்பும் வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும், அந்த நூறில் விடுபட்ட பிள்ளை யார் என்று கேட்கவேண்டியது நம் பொறுப்பு.

பங்குகளிலும் செய்யக்கூடியவை பல. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வாசிக்கச் சொன்னால் தலைகுனியும் பிள்ளையை ஆசிரியர் எளிதில் அடையாளம் காணலாம். அதட்டாமல் பெற்றோரிடம் பேசலாம். அன்பியக் கூட்டத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு இளைஞர்கள் எழுதித் தரலாம். ஒருவர் தனியாக ஒருநாள் கூலியை இழந்து அலைவதைவிட, பத்துப் பெற்றோர் சேர்ந்து கையொப்பமிட்டு, "முகாமை எங்கள் பகுதியிலேயே நடத்துங்கள்" என்று வட்டார வள மையத்திடம் கேட்கலாம். பங்கு மண்டபத்தை அதற்குத் திறந்துவிடலாம்.

நம் பகுதியில் மரப்பலகை வாங்கும்போதுகூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம்; படகின் என்ஜின் நின்றுபோனால் காரணம் தெரியும்வரை விடுவதில்லை. ஒரு பிள்ளையின் வாசிப்பு நின்றுபோனால் மட்டும் காரணம் தேடாமல் 'மக்கு' என்று முடித்துவிடுவது எவ்வகையில் நியாயம்? அடுத்த மதிப்பெண் அட்டை வருமுன், நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்காகவாவது அந்த ஒரு பக்க விண்ணப்பத்தை எழுதித் தர முன்வருவோமா?