22 வயதில் அடைப்பா?

‘மாரடைப்பெல்லாம் வசதியானவங்களுக்கு வர்ற வியாதிப்பா’ என்று சொல்லும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். நெய்யும் பிரியாணியுமாகச் சாப்பிட்டு, காரைவிட்டு இறங்காதவர்களுக்குத்தான் ரத்தக்குழாய் அடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதுவும் ஐம்பது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு நம்பிக்கை.

இந்த இரண்டாவது நம்பிக்கை 1953-லேயே உடைந்துவிட்டது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். சராசரி வயது 22. போர்முனைக்கு அனுப்பும் அளவுக்குத் திடமான பையன்கள். அவர்களில் 77 சதவிகிதம் பேருக்கு இதய ரத்தக்குழாய்களில் பாதிப்பு தெரிந்தது. சிலருக்கு லேசான தடிப்பு. ஒருசிலருக்கு முழு அடைப்பே!

ரத்தக்குழாயின் உட்பக்கத்தில், ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து, குழாயை இளக்கமாக வைத்திருப்பது அதுதான். சிகரெட், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாம் முதலில் கைவைப்பது இந்த விரிப்பின் மீதுதான். வலிக்காது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

சரி, ‘வசதியானவர் வியாதி’ என்ற முதல் நம்பிக்கை?

ஃபின்லாந்தில் 1980-ல், 3 முதல் 18 வயது வரையிலான சுமார் 3,600 பிள்ளைகளைப் பதிவு செய்து, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். வசதி குறைந்த வீட்டில் வளர்ந்தவர்களின் ரத்தக்குழாய்கள், பெரியவர்களான பிறகு கூடுதல் விறைப்பாக இருந்தன. இத்தனைக்கும் 1948-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு போடும் நாடு அது.

லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. கடைநிலை ஊழியர்களிடையே இதய நோய் மரணங்கள், உயரதிகாரிகளைவிட சுமார் மூன்று மடங்கு! யாரும் பட்டினி இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். புகைப்பழக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. பிறகு நடந்த இரண்டாவது ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தன் வேலையில் தானே முடிவெடுக்க முடியாதவருக்கு இதய நோய் ஆபத்து அதிகம்.

நம் ஊர் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் பார்க்கும் காவலாளி, டெலிவரிக்கு ஓடும் பையன், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண். டீயும் சிகரெட்டும்தான் பலருக்கு ஓய்வு. காய்கறி விலை ஏறினால், ஒரு தட்டுச் சோற்றை உள்ளே தள்ள ஊறுகாய், அப்பளம், கருவாடு. எல்லாமே உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன். ‘பழம் சாப்பிடு, ஜிம்முக்குப் போ’ என்று இவர்களிடம் சொல்வது சுலபம். நேரத்தையும் காசையும் யார் கொடுப்பது?

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சிகரெட்டை விட்டால் செலவு மிச்சம். பலனும் சீக்கிரம் தொடங்கிவிடும். ஊறுகாய் இருக்கும் நாளில் அப்பளத்தைத் தவிர்க்கலாம். கீரை, கொண்டைக்கடலை, சுண்டல் எல்லாம் ஆப்பிளைவிட மலிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தை இலவசமாகவே பார்ப்பார்கள். வீட்டில் இருபது வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால், ஒருமுறை அழைத்துப் போங்கள். 140/90-ஐ எட்டினால், ‘சின்னப் பையன்தானே’ என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உங்கள் கடைப் பெண் அதில் உட்காருகிறாரா, அல்லது அந்த நாற்காலியில் துணி மூட்டை இருக்கிறதா?