கையெழுத்துப் போட ஆள் இல்லாத தொழிற்சாலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோவிலும் சின்னப் பட்டறையாகத் தொடங்கி, இன்று முப்பது நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகள் பலர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது பற்றி ஆடிட்டரிடம் பேச்செடுத்தால் முதல் கேள்வி, "வரி எவ்வளவு கட்டணும் சார்?" என்பதுதான். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் காங்கிரஸின் சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசு வரியைப் பற்றிப் பேசப்போய், இந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது.

இறந்தவர் சொத்து வாரிசுக்குப் போவதற்கு இந்தியாவில் இன்று வரி கிடையாது. 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டி ஒரு கட்டத்தில் 85 சதவீதம் வரை ஏறி, 1985இல் ஒழிந்தது. செல்வ வரி 2015இல் போனது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளுக்குக் கொடுத்தாலும் அவளுக்கு வருமான வரி இல்லை. அவள் பின்னால் விற்கும்போது மூலதன ஆதாய வரி உண்டு. அப்போதும் அப்பா வாங்கிய விலைதான் அடக்க விலையாகக் கணக்கில் வரும். ஆகவே, வரி மிச்சமாகும் என்று சொல்லி டிரஸ்ட் போடச் சொல்பவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

வரிக்குப் பயந்தவர்கள் அவசரமாகச் செய்வது செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவது. செலவு குறைவு என்பது உண்மை. ஒரு கோடி ரூபாய் சொத்தை விற்பனைப் பத்திரமாகப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 லட்சம் ஆகும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் தீர்வை 40,000, பதிவு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஆனால் எழுதிக் கொடுத்த மறுநாளே சொத்து கைமாறிவிடுகிறது. பிள்ளை கவனிக்கவில்லை என்று மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் ரத்து செய்யப் போனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தீர்களா என்று கேட்கிறது 2022இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. உயில் அப்படியல்ல, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை. சிப்காட் மனையாக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. மண் உங்களுடையதல்ல, 99 ஆண்டுக் குத்தகை. உயிலோ செட்டில்மென்ட்டோ, பெயர் மாற்றத்துக்கு சிப்காட் வாசலை மிதித்தாக வேண்டும்.

தொழிலை முடக்குவது வரி அல்ல, சாவுக்கு அடுத்த சில வாரங்கள். ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ஒருவரே, 27ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். ஒன்றாம் தேதி சம்பளம். வங்கிக்குத் தகவல் போனதும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு நின்றுவிடும். ஸ்டீல் காயில் ஏற்றிவந்த லாரி கேட்டில் நிற்கிறது. இ-வே பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண் இறந்தவரின் பான் எண்ணுக்குரியது. வாரிசு புதிதாகப் பதிவெடுத்து, மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாரிசு யார்?

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு. தாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எண்பது வயது அம்மாவுக்கு வந்த பங்கு, அவரும் உயில் எழுதாமல் கண்மூடினால், அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும். பட்டறைப் பக்கமே வராத பெரியப்பாவுக்கு லேத் மெஷினில் பங்கு வருவது இப்படித்தான். நாமினி பெயர் கொடுத்திருக்கிறோமே என்பார்கள். நாமினி வாங்கி வைத்திருப்பவர்தான், சொத்துக்காரர் அல்ல என்று கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இரண்டே பேர் உள்ள பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் போனால் நிறுவனமே கலைந்துபோகும்.

பெரிய வீடுகளும் இதில் தப்பவில்லை. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலையை நடத்தும் முருகப்பா குழுமத்தில், எம்.வி. முருகப்பன் 2017இல் காலமான பிறகு குழுமத்தின் ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் எட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கு மனைவி, இரு மகள்கள் பக்கம் இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தார்கள். 2023இல்தான் சமரசம் ஆனது. பங்கு இருந்தது, நாற்காலி கிடைக்கவில்லை. சிறு தொழிலில் இது இன்னும் கூர்மையாகும். யாருக்கு எவ்வளவு என்று எழுதுகிற முதலாளி, யார் நடத்துவது என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறார். பட்டறையை ஓட்டும் மகனும் அமெரிக்காவில் இருக்கும் மகளும் சமமாகப் பெறட்டும். ஆனால் மகளின் சமபங்கு வீடாகவோ வைப்பு நிதியாகவோ இருக்கக்கூடாதா?

டிரஸ்ட்டுக்கும் இடம் உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் யோசிக்க வேண்டும்: பயனாளிகளின் பங்கைக் குறிப்பிடாத டிரஸ்ட்டுக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வருமான வரி.

சென்னை பழைய எல்லைக்குள் வீடு இருந்தால் உயிலுக்கு புரோபேட் என்ற நீதிமன்றச் சான்று வாங்கவேண்டும், கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்கு வேண்டாம் என்று ஒரே குடும்பத்துக்கு இரண்டு நியாயம் இருந்தது. 2025 கடைசியில் நாடாளுமன்றம் அதற்குக் காரணமான, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. தகராறு வந்தால் மட்டும் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்க வேண்டும். அங்கேதான் சாட்சிகள் வேண்டும். உயில் எழுதும்போது சட்டம் கேட்பது இருவர். பத்திர எழுத்தர் கடையில் அந்த நேரம் நின்ற இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினால், பத்து வருடம் கழித்து அவர்களை எங்கே தேடுவது? உங்களைவிட இளையவராக, கூப்பிட்டால் பொன்னேரி நீதிமன்றப் படியேறி வரக்கூடியவராக இருவரைப் பிடியுங்கள். உயிலை நிறைவேற்ற ஒருவர் பெயரையும் அதிலேயே எழுதி, அசல் எந்த பீரோவில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.