மேகத்தை நம்பாதீர்கள்

உங்களிடம் ஒரு கேள்வி. இந்த நிமிடம் உங்கள் போன் தண்ணீரில் விழுந்தால் எதையெல்லாம் இழப்பீர்கள்? போனைக் கேட்கவில்லை. அது கடையில் கிடைக்கும். உள்ளே இருப்பதைக் கேட்கிறேன்.

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே இருக்கும் பெரியதாழையில் ஒரு அக்கா சொன்னது: "வலை இழுக்கும்போது அவுக ஃபோன் கடல்ல விழுந்துட்டு. ஃபோன் போனா போவுது, அண்ணாச்சி. அத்தை பேசுன வீடியோ அதுலதான் இருந்துச்சு. அத்தையும் இப்ப இல்ல."

"கிளவுடில் இருக்குமே?" என்றேன், மேதாவி மாதிரி.

"இடம் நெறஞ்சிட்டுன்னு ஒரு வருசமா மெசேஜ் வந்துச்சு. நாங்க அதைத் தள்ளிவிட்டுட்டோம்."

சிரிக்காதீர்கள். நீங்களும் அந்த மெசேஜைத் தள்ளிவிட்டவர்தான்.

கிளவுட், அதாவது மேகம். பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். ஏதோ ஆகாயத்தில், கடவுளுக்குப் பக்கத்தில் நம் படங்கள் பத்திரமாக மிதப்பதுபோல ஒரு மயக்கம். மேகமாவது மண்ணாங்கட்டியாவது! அது வேறு யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர். அந்த வீட்டில் நீங்கள் குடக்கூலிக்காரர். சட்டதிட்டம் அவருடையது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ம் தேதி 'எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம்' என்பதை நிறுத்தி, புதுப் படங்களை 15 ஜிபி கணக்கில் சேர்த்தது. இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கலாம் என்று விதி. ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. அவர்கள் ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. எல்லாம் அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவருடைய கணக்கின் பாஸ்வேர்டு அவருடைய மனைவிக்குத் தெரியுமா? 2017-ல் ஒக்கி புயல் வந்தபிறகாவது தென்கரையில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

தனியார்தான் இப்படி, அரசாங்கம் பொறுப்பாக இருக்கும் என்கிறீர்களா? 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜானில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த 858 டெராபைட் கிடங்கு போயே போய்விட்டது. இன்னொரு பிரதி? இல்லை. ரொம்பப் பெரிசு, அதனால் பிரதி எடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். சாம்சங்கைப் பெற்ற தேசம்!

சரி, என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்குமே, அதை இறக்குங்கள். புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். முக்கியமான செலவு அவ்வளவுதான், நல்ல போன் ஒன்றின் விலை ஆகாது. ஓபன்மீடியாவால்ட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் நிறுவி, வீட்டு ரௌட்டரோடு ஒயரால் இணைத்துவிட்டால் அதுதான் உங்கள் சொந்த சர்வர். மானிட்டர்கூட வேண்டாம். வீட்டுக்குள் வந்ததும் வைஃபை வழியாகப் போனிலுள்ள படங்களைத் தானாக அதில் போட இலவசச் செயலிகள் உண்டு. தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் பையனைக் கூப்பிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

"கரண்ட் பில் ஏறுமே, சார்?" 40 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 58 யூனிட். ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் ஓடட்டும், 10 யூனிட் தாண்டாது. டி.வி. சீரியலுக்கு இதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

இங்கேதான் கெட்டிக்காரர்களும் சறுக்குகிறார்கள். இரண்டு டிஸ்க்கையும் கண்ணாடி பிம்பம்போலச் சேர்த்து ஓடவிட்டு, "என்னிடம் ரெய்டு இருக்கிறது" என்று காலரைத் தூக்கிக்கொள்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும், வாஸ்தவம். ஆனால் குழந்தை தெரியாமல் ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டுக்கும் வரும். எனவே ஒரு டிஸ்க்தான் தினமும் ஓட வேண்டும். இன்னொன்றில் வாரம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள். கடல் பக்கத்து ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். உப்புக்காற்று இரும்பையே தின்கிறது, சர்க்யூட் எம்மாத்திரம்?

அதுவும் போதாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, மறந்துவிட்டதா? அப்படி ஒரு வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் ஓடும் டிஸ்க்கும் கழற்றிய டிஸ்க்கும் ஒன்றாகவே மிதக்கும். எனவே மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருந்தாக வேண்டும். அதற்குச் சிறியதாக இன்னொரு டிஸ்க் வாங்கினால் போதும். திருவிழாவுக்கு வரும் மும்பை மச்சான் திரும்பிப் போகும்போது கருவாட்டோடு அதையும் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வருடம் புதுப் பிரதி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளுங்கள். மச்சான் எட்டிப் பார்ப்பார் என்று பயமாக இருந்தால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை உங்கள் மனைவியிடமும் சொல்லிவையுங்கள்.

இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த புத்தி அல்ல. 1586-ல் அண்டிரிக் அடிகளார் இந்த முத்துக்குளித்துறை மக்களுக்காக 'அடியார் வரலாறு' நூலைப் புன்னைக்காயலில் தமிழில் அச்சிட்டார். அதன் பிரதி ஒன்று ரோமில் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதைக்கொண்டுதான் 1967-ல் ச. இராசமாணிக்கம் அடிகளார் மறுபதிப்புக் கொண்டுவந்தார். ஒரு பிரதி ஊர் தாண்டியிருந்ததால் பிழைத்த தமிழ் அது.

கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போடு என்று அரசாங்கத்தைக் கேட்கிறோம். நியாயம். அது அரசு செய்ய வேண்டிய வேலை. உங்கள் அம்மாவின் குரலுக்குத் தூண்டில் வளைவு போடுவது யார் வேலை?

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பரண்மேல் ஏறுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த அக்காவும் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.