கீமோவுக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே

2017 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் அமெரிக்கத் தேசியத் தடகளப் போட்டி நடந்தது. பெண்கள் 1,500 மீட்டர் தகுதிச் சுற்றில் 30 வயது கேப்ரியேல் கிரூனவால்ட் கடைசியாக வந்தார். நேரம் 4 நிமிடம் 31 விநாடி. 2013இல் அதே தூரத்தை 4 நிமிடம் 1 விநாடியில் ஓடியவர் அவர். அந்தப் பழைய கிரூனவால்ட் பக்கத்துத் தடத்தில் ஓடியிருந்தால், அவர் எல்லைக்கோட்டைத் தொடும்போது இவர் இன்னும் 160 மீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருந்திருக்கும்.

கீமோதெரபி நடந்துகொண்டிருந்த நேரம் அது. குட்டையான ஓட்டச் சட்டைக்குக் கீழே, வயிற்றின் குறுக்கே நீண்ட தழும்பு. முந்தைய ஆண்டு கல்லீரலில் பாதியை அகற்றிய அறுவை சிகிச்சையின் தடம். அதை அவர் மறைக்கவில்லை. ஓடி முடித்ததும் சக வீராங்கனைகள் அவரைச் சூழ்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்று பிரார்த்தித்தார்கள்.

அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. மன உறுதி இருந்தால் புற்றுநோயையும் ஜெயித்துவிடலாம் என்ற பேச்சும் கூடவே பரவியது. அந்தப் பேச்சு தவறு, தீங்கும்கூட. 2019 ஜூன் 11 அன்று, 33 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், கிரூனவால்ட் இறந்துபோனார். மன உறுதிதான் மருந்து என்றால் அவரிடம் எது குறைந்துபோனது? கீமோ ஏற்றிக்கொண்டு குமட்டலோடு படுத்திருப்பவரிடம் “தைரியமா இரு, எல்லாம் சரியாப் போயிடும்” என்று நாம் நல்ல மனதோடுதான் சொல்கிறோம். நோய் திரும்பும்போது, தன் தைரியம்தான் போதவில்லையோ என்ற குற்றவுணர்வாக அதே சொல் அவரை அரிக்கிறது.

கிரூனவால்டின் கதையை நிதானமாகப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். 2009இல் அவர் மினசோட்டா பல்கலைக்கழக மாணவி. காதுக்குக் கீழே ஒரு கட்டி. போட்டிக்காக அரிசோனா போயிருந்த இடத்தில் மருத்துவரின் தொலைபேசி வந்தது: உமிழ்நீர்ச் சுரப்பியில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற அரிய புற்று. மறுநாள் ஓடினார், அதுவரை அவர் ஓடியதிலேயே சிறந்த நேரம் அன்றுதான் வந்தது. பிறகு அறுவை, கதிர்வீச்சு. அந்தப் பருவம் போயிற்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், மருத்துவக் காரணத்தால் இழந்த ஆண்டை விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அப்படிக் கிடைத்த ஆண்டில்தான், 2010இல், தேசியக் கல்லூரிப் போட்டியின் 1,500 மீட்டரில் இரண்டாமிடம் பெற்றார். அதே ஆண்டு தைராய்டில் வேறொரு புற்று. 2012 ஒலிம்பிக் தேர்வில் நான்காமிடம்; லண்டனுக்குப் போனது மூன்று பேர். 2014இல் உள்ளரங்க 3,000 மீட்டரில் தேசிய சாம்பியன்.

இதில் என்னை நிறுத்துவது அந்த ஓராண்டு. விதிப்புத்தகத்தில் அந்த வழி இல்லாமலிருந்தால் 2009லேயே அவரது கல்லூரி ஓட்ட வாழ்க்கை முடிந்திருக்கும். காணொளிகள் தைரியத்தைப் படம் பிடிக்கின்றன. அந்தத் தைரியம் கால் ஊன்றி நிற்க இடம் கொடுத்த ஏற்பாட்டை யாரும் படம் பிடிப்பதில்லை.

கீமோ ஓர் ஓட்டப்பந்தய வீரரின் உடலை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நடுத்தூர ஓட்டம் முழுக்க ஆக்சிஜன் கணக்கு. கீமோ மருந்துகள் பலவும் எலும்பு மஜ்ஜையை அடக்குபவை. சிவப்பணு குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். வெள்ளணு குறைந்தால் சாதாரணக் காய்ச்சல்கூட மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகும். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்து இதயத் தசையையே பாதிக்கக்கூடியது. விளையாட்டு விதிகள் இன்னொரு சுவர். சிவப்பணு ஏறுவதற்காக மருத்துவர் போடும் எரித்ரோபொய்டின் ஊசி, மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபன் மாத்திரை இரண்டும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை. குமட்டலுக்குத் தரும் டெக்ஸாமெத்தசோனை மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்துக்கொண்டு போட்டியில் இறங்கவும் தடை உண்டு. சிகிச்சைக்கான விலக்கு வேண்டுமென்று மருத்துவ ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். எல்லா மருந்துக்கும் விலக்கு கிடைத்துவிடும் என்றும் இல்லை. சொந்த மருத்துவக் குழு உள்ள ஒலிம்பிக் வீரருக்கு இது ஒரு கோப்பு வேலை. மாவட்ட அளவில் ஓடும் 19 வயதுப் பெண்ணுக்கு இந்த விலக்கு இருப்பதையே யார் சொல்வார்கள்?

அப்படியானால் சிகிச்சையில் இருப்பவர் போட்டியிடலாமா? மருத்துவர் முழு விவரத்தையும் சொன்ன பிறகு முடிவு அவருடையது என்பது என் கருத்து. அமெரிக்க நீச்சல் வீரர் எரிக் ஷான்டோவுக்கு 2008இல், ஒலிம்பிக் தேர்வுக்குச் சற்று முன்பு விதைப்பைப் புற்று தெரியவந்தது. மருத்துவக் கண்காணிப்போடு அறுவையைத் தள்ளிவைத்தார். பெய்ஜிங்கில் 200 மீட்டர் மார்பு நீச்சல் அரையிறுதியில் தன் சிறந்த நேரத்தை நீந்தி, இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாமல் ஊர் திரும்பி அறுவை செய்துகொண்டார். ஆபத்தை எடைபோட்டு எடுத்த முடிவு அது.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கின் கதை அப்படிப்பட்டதல்ல. 2011 உலகக் கோப்பையில், மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 ரன் எடுத்தார். நடுவே மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். தொடர் முழுவதும் இருமல், மூச்சுத்திணறல். தொடர் நாயகன் விருது அவருக்குத்தான். நுரையீரல்களுக்கு நடுவே கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் கீமோ. ‘புற்றுநோயோடு விளையாடிக் கோப்பை வென்றார்’ என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அவர் ஆட்டத்தின் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் அன்று அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தன் உடம்பில் என்ன இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. உலகத்தர அணியின் வீரர் ஒருவர் வாரக்கணக்கில் மூச்சுத் திணறியபடி ஆடுகிறார் என்றால், அதை வீரம் என்று மெச்சுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

சிகிச்சையில் இருப்பவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையும் மாறிவிட்டது. ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018லேயே உடற்பயிற்சியை வழக்கமான சிகிச்சையின் அங்கமாக்கச் சொன்னது. 2025இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வு, பெருங்குடல் புற்றுக்குக் கீமோ முடித்த 889 பேரைப் பின்தொடர்ந்தது. மூன்று ஆண்டு வழிகாட்டலுடன் பயிற்சி செய்தவர்களில் எட்டாம் ஆண்டில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பயிற்சி பற்றிய கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 சதவீதம். கவனிக்க வேண்டியது, பலருக்கும் அந்தப் பயிற்சி என்பது வேகநடை. கூடவே வழிநடத்த ஓர் ஆள். சாக்ரமென்டோ ஓட்டத்தை நோயாளிகளுக்கு அளவுகோலாக வைப்பதைவிட, புற்றுநோய்ப் பிரிவில் ஒரு பிசியோதெரபிஸ்டை நியமிப்பது பலமடங்கு பயன் தரும்.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றால் ஒரு காலை இழந்து, 1980இல் நிதி திரட்டுவதற்காகச் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தி, மறு ஆண்டு 22 வயதில் இறந்தார். தன் நோயில் பிழைப்பவர்களின் விகிதம் இரண்டே ஆண்டில் 15 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது ஆராய்ச்சியால்தான் என்று அவரிடம் மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் நிதி கேட்டது ஆராய்ச்சிக்கு. கிரூனவால்டும் அதையே செய்தார். அவர் சிகிச்சை பெற்ற காலத்தில் அவருடைய புற்றுக்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. நோயாளிகள் சொற்பம் என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு அதில் ஆர்வமும் குறைவு. கீமோ கைகொடுக்காமல், பரிசோதனை நிலையில் இருந்த நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குத் தன் உடம்பைக் கொடுத்தார். அரிய புற்றுகளின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ‘பிரேவ் லைக் கேப்’ என்ற அறக்கட்டளையை 2018இல் தொடங்கினார். அவர் ஓடும் காணொளியைப் பகிர்கிறவர்கள் இந்த விவரத்தையும் சேர்த்துப் பகிர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.